எளிமைக்கும் இடம் வேண்டும்

(புதுச்சேரியில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கையோடு இசைந்த எளிய குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். ஆசையைக் குறையுங்கள், மாடியில் தோட்டம் போடுங்கள், பிளாஸ்டிக் பையைத் தொடாதீர்கள் என்பார். நீங்களும் கைதட்டுவீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நேரு வீதியில் இறங்கி இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு போவீர்கள். அதனால் உபதேசத்தை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கருத்தைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். எளிமையாக வாழ ஒரு குடும்பத்துக்கு மனம் இருந்தால் மட்டும் போதாது, ஊரில் அதற்கு இடம் இருக்க வேண்டும். காசு கொடுக்காமல் ஒரு பிடி கீரை கிள்ளவும், ஒரு பழம் பொறுக்கவும், நிழலில் நாலு பேர் உட்காரவும் இடம் இல்லாத ஊரில், எளிமை வசதி படைத்தவர்களுக்குப் பொழுதுபோக்கு, இல்லாதவர்களுக்குத் தண்டனை.

கீரையிலிருந்தே தொடங்குகிறேன். நமக்கு வடக்கே திண்டிவனம், மரக்காணம் பக்கத்துக்குப் பழைய பெயர் ஓய்மாநாடு. அதை ஆண்ட நல்லியக்கோடன் மேல் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். ஆகவே அது நம் அண்டை வீட்டுப் பாட்டு. அந்தப் பாட்டுக்குள் ஒரு ஏழைப் பாணனின் அடுக்களை இருக்கிறது. அங்கே குட்டி போட்ட நாய் ஒன்று பாலில்லாமல் குரைக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் பட்டால் கேவலம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறாள்.

அந்த வேளை எங்கேயும் போய்விடவில்லை. நல்வேளை என்கிறோமே, ஐந்து இலை விரலாக விரிந்து, வெள்ளைப் பூவில் மீசை நீட்டிக்கொண்டிருக்கும் செடி, அது இன்றும் மழை பெய்த பத்தாம் நாள் காலி மனைகளில் எழுந்து நிற்கும். கென்யாவில் இதே செடியைப் பயிர் செய்து, கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். அங்கே அது விருந்தாளிக்குப் போடும் கீரை. இங்கே கதவைச் சாத்திக்கொண்டு தின்ற கீரை. செடியில் குற்றமில்லை. யார் தின்கிறார்கள் என்பதைப் பார்த்து நாம் அதற்குச் சாதி கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இப்போது பெரிய மார்க்கெட்டுக்கு வாருங்கள். குபேர் அங்காடி என்று பலகையில் இருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. விடிகாலையில் கோணியை விரித்து உட்காரும் கிராமத்து ஆயாக்களிடம் கேட்டால் சில நாள் கலவைக்கீரை கிடைக்கும். அது தோட்டத்தில் விளைந்ததல்ல. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கரம்பிலும் கிள்ளியது. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, சாரணை, மூக்கிரட்டை, கோவைத் தளிர், கொஞ்சம் முடக்கத்தான் என்று அன்றைக்கு நிலம் என்ன கொடுத்ததோ அது. எந்த இரண்டு நாள் கலவையும் ஒன்றாக இராது.

அந்த ஆயாவின் படிப்பு எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். சாரணையும் மூக்கிரட்டையும் தரையோடு படரும். புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சாரணை இலையைக் கிள்ளினால் சதைப்பற்றாக நொறுங்கும். பூ இலைக் கக்கத்திலேயே ஒளிந்திருக்கும். மூக்கிரட்டை இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும்; மெல்லிய காம்பு நீண்டு அதன் நுனியில் கடுகு அளவு ரோஜா நிறப் பூ நிற்கும். இதை ஒரு தாவரவியல் மாணவர் புத்தகம் பார்த்துப் படிக்கிறார். ஆயா குனிந்த தலை நிமிராமல், பேச்சை நிறுத்தாமல் பிரித்துப் போட்டுக்கொண்டே போகிறார்.

சமைப்பதும் எளிதுதான். நாலைந்து தண்ணீர் விட்டு அலச வேண்டும், மண் போகும் வரை. மண் சட்டியில் கொஞ்சம் துவரம்பருப்பு, பூண்டு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கொட்டைப்பாக்களவு புளி. வெந்ததும் தண்ணீரை இறுத்து வைத்துக்கொண்டு மத்தால் கடைந்து, இறுத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி, கடைசியில் வடகம் தாளிக்க வேண்டும். புதுச்சேரிச் சமையலில் வடகத்துக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கப்பலேறிப் போய் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரியில் 'வாடுவான்' என்று உட்கார்ந்திருக்கிறது. வடகம் பாரிசுக்குப் போயிற்று. அதைத் தாளிக்க வேண்டிய கீரையைத்தான் உள்ளூரில் களை என்று மருந்தடித்துக் கொல்கிறோம்.

ஆர்வத்தில் இன்று மாலையே கிளம்பிவிடாதீர்கள். சில கட்டுப்பாடுகள் உண்டு. சாக்கடை ஓரத்துப் பொன்னாங்கண்ணி பச்சைப்பசேல் என்று அழகாகத்தான் இருக்கும், தொடக்கூடாது. கீரைகள் மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் அது போகாது. நெடுஞ்சாலை ஓரம், தொழிற்பேட்டை ஓரம், களைக்கொல்லி அடித்த இடம் எல்லாவற்றுக்கும் இதே விதி. பருப்புக்கீரையில் நெஞ்சுக்கு நல்லதென்று மீனில் தேடும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு உண்டு. ஆனால் அதிலும் சாரணையிலும் ஆக்சலேட்டும் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்தவர் கூட இருந்து காட்டித் தராமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். குன்றிமணியும் ஊமத்தையும் அரளியும் இதே ஊரில்தான் இருக்கின்றன. போனில் படம் எடுத்துப் பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ளலாம். சட்டியில் போடும் முடிவைப் போனிடம் விடாதீர்கள்.

கீரை மழைக்காலத்து வரவு என்றால், பழம் வருடம் முழுக்க வரவு. தையில் இலந்தை, பங்குனியில் முந்திரிப்பழம், சித்திரையில் கொடுக்காப்புளியும் நுங்கும், வைகாசியில் களாக்காய், ஆடியில் நாவல், ஆவணியில் பனம்பழம். சப்பிய பனங்கொட்டையை மண்ணில் புதைத்து வைத்தால் மார்கழி, தையில் பனங்கிழங்கு. ஒரே கொட்டையில் இரண்டு வேளை. தெருவெல்லாம் வாதா மரம். கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைச் சிதையாமல் எடுக்கத் தெரியாத பிள்ளை அந்தக் காலத்தில் இந்த ஊரில் இல்லை.

ஒரு செய்தி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். புதுச்சேரியின் மாநில விலங்கு அணில். மாநிலப் பறவை குயில். மாநில மரம் வில்வம். புலி, சிங்கம் என்று வீரம் காட்டாமல் அணிலை வைத்துக்கொண்ட அரசுக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். அணிலும் குயிலும் நம் தெரு மரத்தில் பொறுக்கித் தின்று வாழ்பவை. தெருவில் பழமரம் இல்லையென்றால் நம் மாநிலச் சின்னங்களுக்கே சோறில்லை.

பழைய காட்டை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் காலாப்பட்டு தாண்டிக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போங்கள். இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அங்கே இருக்கிறது. வீரை, காசான், காரை, களா என்று நம் பாட்டன் பூட்டன் பார்த்த மரமும் புதரும். வேலி போட்டுக் காத்ததல்ல. சாமி மரத்தில் கை வைக்கக்கூடாது என்ற பயம் காத்தது. கீழே விழுந்ததை எடுக்கலாம், கிளையை ஒடிக்கக்கூடாது என்பது பல கோயில்காடுகளில் எழுதாத சட்டம். எடுப்பதற்கு உரிமை, எடுப்பதில் அளவு, இரண்டையும் சேர்த்து வைத்த ஏற்பாடு அது.

இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களைக் கொஞ்சம் கூப்பிடுகிறேன். அவர்கள் நாட்டில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது ஏழைகளின் உரிமை. 1554இல் அரசர் இரண்டாம் ஹென்றியின் ஆணையே இருக்கிறது. மிய்யே என்ற ஓவியர் 1857இல் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குவதை ஓவியமாகத் தீட்டினார். பாரிசின் பணக்கார ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஏழைகளை இத்தனை பெரிதாக வரைய வேண்டுமா என்று முகம் சுளித்தார்கள். 2000இல் ஆக்னஸ் வார்தா என்ற இயக்குநர் கையில் ஒரு சிறு வீடியோ கேமராவை எடுத்துக்கொண்டு, இன்று யார் பொறுக்குகிறார்கள் என்று தேடிப் போய் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அளவு பெரிதாக இருக்கிறது, உருவம் கோணலாக இருக்கிறது என்று கொட்டிவிட்டுப் போன உருளைக்கிழங்குக் குவியல்கள் அதில் வரும். அந்தப் படத்தில் ஒரு வழக்கறிஞர் கவுன் போட்டுக்கொண்டு வயலில் நின்று சட்டத்தைப் படித்துக் காட்டுவார்: சூரியன் உதித்தபின், மறைவதற்குள், அறுவடை முடிந்தபின் எடுக்கலாம்.

நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? விழுப்புரம், கடலூர்க் கொல்லைகளில் மணிலாக்கொட்டை பிடுங்கிய பிறகு தப்புக்கடலை கிண்டுவதற்குப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். நிலத்துக்காரர் பார்த்தும் பார்க்காமல் போவார். சட்டம் கிடையாது, ஆணை கிடையாது. ஆனால் விரட்டினால் ஊர் பேசும். பிரெஞ்சுக்காரர்கள் சட்டத்தில் எழுதியதை நாம் வெட்கத்தில் எழுதி வைத்திருந்தோம். இன்று கொல்லைகள் மனைகளாகிவிட்டன. மனைக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் விசில் ஊதுகிறார்.

கீரையும் பழமும் ஒருபுறம் இருக்கட்டும். பிறர் கழித்ததை எடுத்துப் பயன்படுத்துவதிலும் இந்த ஊர் பெயர் வாங்கியது. நம் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து ரோமானிய வணிகத்தை உலகத்துக்குக் காட்டினார் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதற்கு முன்பே, 1937இல், ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அந்த மேட்டில் பொறுக்கிய மணிகளை உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து காசு கொடுத்து வாங்கினார். மேட்டில் மழை கழுவிவிட்ட மணியைக் கண்டெடுத்தது அந்தப் பிள்ளைகளின் கண். இன்று அது பாதுகாக்கப்பட்ட இடம், யாரும் எதையும் எடுக்கக்கூடாது, அது சரி. ஆனால் அந்தக் கண்ணுக்கு நாம் எந்தப் பாராட்டும் சொல்லவில்லை.

அந்தக் கண்ணோடு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குப் போங்கள். சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் தரையில் கிடக்கும். பழைய மரச்சாமான் கடைகளும் இந்த ஊரில் பெயர் போனவை. சுற்றுலாக்காரர்கள் அவற்றை அழகுக்கு வாங்குகிறார்கள். உழைப்புக்கு வாங்கத் தெரிய வேண்டும். ஒரு பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மூட்டில் ஆணி இல்லாமல் மரமுளை இறங்கியிருந்தால், தச்சர் நிதானமாகச் செய்தது. தூக்கினால் கனக்க வேண்டும். அடிப்பக்கம் பாலிஷ் இல்லாத இடத்தில் ரேகை நெருக்கமாக ஓடினால் நல்ல தேக்கு. கால் நுனியில் மாவு கொட்டினால் பூச்சி இருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிரம்பு அறுந்திருந்தால் பயப்படாதீர்கள், பின்னித் தர ஆளிருக்கிறது. அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலி இந்த ஊரிலேயே சுற்றும். பிளைவுட் நாற்காலிக்குக் கொடுக்கும் பணம் லாரியில் ஏறிப் போய்விடும்.

இதைத்தான் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' நூலில் விளக்கினார். சிறையில் இருந்தபோது எழுதியது. எடுப்பதைத் திருப்பிக் கொடுக்கும் பொருளாதாரம் நிலைக்கும், அடித்துப் பறிக்கும் பொருளாதாரம் நிலைக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரும், பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுத்தவரும் குமரப்பாவைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு பொருள் ஒரு வீட்டில் செத்துப் போகாமல் இன்னொரு வீட்டில் தொடர்ந்து உழைக்க அவர்கள்தான் வழி செய்தார்கள்.

நமக்கு வடக்கே ஆரோவில்லில் இதை இயக்கமாகவே செய்கிறார்கள். அங்கே ஃப்ரீ ஸ்டோர் என்று ஒன்று உண்டு. தனக்கு வேண்டாத துணியை ஒருவர் வைத்துவிட்டுப் போகிறார், வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார், காசு கிடையாது. சூழலியலாளர் நீனா சென்குப்தா, நாம் களை என்று மிதித்துப் போகும் உண்ணக்கூடிய செடிகளைக் காட்டி நடை கூட்டிப் போகிறார். 2003 டிசம்பரில் இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரிட் ரோசின் தம்பதி சாதனா ஃபாரஸ்ட் என்ற இடத்தை 70 ஏக்கர் பொட்டல் செம்மண்ணில் தொடங்கினார்கள். ஓலைக் குடிசை, சூரிய மின்சாரம், மழைநீரைத் தடுக்கும் வரப்புகள். கீழ்ப்புத்துப்பட்டில் மிஞ்சியிருக்கிறதே, அதே காட்டைத் திரும்ப எழுப்புவது நோக்கம்.

பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் முத்தியால்பேட்டையில் இரண்டு அறை வாடகை வீட்டில், இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருக்கிற ஒரு குடும்பம் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்யும்? அவர்களுக்கு 70 ஏக்கர் கிடையாது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டில் நிலம் இருந்தது, அதனால் ஒரு வாழ்க்கை முறையைப் புதிதாகக் கட்ட முடிந்தது. நகரத்துக் குடும்பத்துக்கு நிலம் என்றால் அது பொது நிலம்தான். ஏரிக்கரை, தோப்பு, கடற்கரை, கோயில்காடு, தெரு ஓரம். அதனால்தான் சொல்கிறேன், எளிமை வீட்டுக்குள் மட்டும் தீர்மானமாகிற விஷயம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இங்கே 9.5 லட்சம் பேர். இந்தச் சின்ன இடத்துக்குள் 84 ஏரிகளை நம் முன்னோர் வெட்டி வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அவற்றைத் தூர்வாரிக் கரை கட்டினோம். ஊசுட்டேரியில் நம் பங்குக்கு இருக்கும் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தோம். பாகூர் ஏரிக்கரையில் இன்றும் கலவைக்கீரை கிள்ளலாம். ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றி மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. இந்த ஊரில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மறுபடி நீண்ட இடைவெளி. தெருவோர மரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் வாதாட வேண்டியவர் வார்டு உறுப்பினர். அந்த நாற்காலியே காலியாகக் கிடந்தது.

ஆகவே நாமே கேட்க வேண்டும். என் கோரிக்கைகள் சிறியவை, பெரிய செலவில்லாதவை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக வைக்கும் கன்றுகளில் பாதியாவது நாவல், புளி, கொடுக்காப்புளி, வாதா, முருங்கை என்று சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். பூங்காவிலும் ஏரிக்கரையிலும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தட்டும். மழைக்குப் பின் கரையின் ஒரு பகுதியையாவது ஒரு மாதம் செதுக்காமல் விடட்டும். கீரை கிள்ளி வந்து விற்கும் பெண்களிடம் அடிக்காசு வாங்க வேண்டாம். மார்க்கெட் வாசலில் அவர்களுக்கென்று நிழலான ஓர் இடம் ஒதுக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் பத்துக் கீரையை நேரில் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகட்டும். கற்றுக்கொடுக்க அந்த ஆயாக்களையே அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் கொடுக்கட்டும். ஒவ்வொரு பகுதியிலும் மாதம் ஒரு ஞாயிறு, வேண்டாத பொருளை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போக ஒரு சமுதாயக் கூடத்தைத் திறந்து விடட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கலவைக்கீரை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். களையைத்தானே கிள்ளி வந்தாய் என்று கேட்காதீர்கள். குனிந்து கிள்ளிய இரண்டு மணி நேரத்துக்கும், பிழையில்லாமல் பிரித்த அறிவுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. நீங்களே கிள்ளப் போனாலும், விற்றுப் பிழைப்பவர் கிள்ளும் இடத்தில் கை வைக்காதீர்கள். வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் எடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். நகராட்சி ஆணையருக்கும் நம் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஒவ்வொரு பிரதி. வாசலில் மேசை மேல் பேனாவோடு இருக்கிறது. கைதட்டலுக்கு நன்றி; கையெழுத்துக்கு அதைவிட நன்றி.